பூனை பிறாண்டிய சோபா: ஊசியும் நூலும் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வியின் சுருக்கம் இது. மூன்று பேர் உட்காரும் சோபா. சணல் மாதிரித் தெரியும் முரட்டு நெசவுத் துணி, சாம்பல் கலந்த பழுப்பு நிறம். பூனை வந்தபின் இரண்டு கைப்பிடிகளின் முன்மூலையும் நார் நாராகிவிட்டது. உட்காரும் குஷன் ஒன்றில் ஓட்டை. சோபா வேலை செய்பவர் மொத்தத் துணியையும் மாற்றச் சொல்கிறார். கேட்டவருக்கு எம்பிராய்டரியும் குரோஷாவும் கொஞ்சம் தெரியும். கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி ஓட்டையை மூடும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அது நிற்குமா, வேறு வழி உண்டா, வீட்டில் இருக்கும் ரெக்ஸின் நாற்காலியை என்ன செய்வது என்று கேட்கிறார்.

நிற்கும். ஆனால் வீடியோவில் அழகாகத் தெரிவதெல்லாம் நிற்காது. சட்டையில் போடும் ஒட்டு துவைப்பதைத் தாங்கினால் போதும். சோபாவில் போடுவது நகத்தைத் தாங்க வேண்டும். பூனையின் நகம் வளைந்த கொக்கி. துணிக்கு மேலே தளர்வாக எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் போய் மாட்டும். அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் நகம் நுழைய இடம் இருக்கிறதா? இருந்தால் அந்த வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சோபாவுக்கு ஆகாது.

முதலில் கத்தரிக்கோலை எட்டி வையுங்கள். தொங்கும் நாரைப் பார்த்தவுடன் வெட்டத்தான் கை போகும். தொங்குவதில் பாதிக்கு மேல் அறுந்த இழை இல்லை, இழுபட்ட இழை. அது துணியின் சொந்த இழை, உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத நிறம். அதை வெட்டிவிட்டால் இழுபட்ட இடம் ஓட்டையாக மாறிவிடும்.

நல்ல வெளிச்சத்தில் மூலையைக் கிட்டத்தில் பாருங்கள். பூனை நிமிர்ந்து நின்று மேலிருந்து கீழாக இழுக்கிறது. அந்த இழுப்பின் பாதையில் குறுக்கே வருவது கிடைமட்டமாக ஓடும் இழைகள்தான். அதனால் கைப்பிடி மூலையில் பெரும்பாலும் குறுக்கு இழைகள் வளையம் வளையமாக வெளியே வந்திருக்கும். செங்குத்து இழைகள் ஏணிக்கால் போல வரிசையாக அப்படியே நிற்கும். இது நல்ல செய்தி. நிற்கிற இழை இருந்தால் அதில் மறுபடி நெய்யலாம். இரண்டு திசையும் போய் உள்ளே மஞ்சள் ஃபோமோ வெள்ளைப் பஞ்சோ தெரிந்தால் அது வேறு வேலை.

இழுபட்ட இழைகளை உள்ளே அனுப்புவதில் ஆரம்பிப்போம். ஒரு வளையம் வெளியே நீண்டிருந்தால், அந்த இழை ஓடும் வரிசையில் இரண்டு பக்கமும் துணி சுருங்கி, கோடு விழுந்திருக்கும். வளையத்தின் நீளம் முழுதும் அந்தச் சுருக்கத்திலிருந்து வந்ததுதான். நேராக உள்ளே குத்தித் தள்ளினால் சுருக்கம் அப்படியே இருந்துவிடும். அதற்கு முன், மொட்டை முனை ஊசியால் அந்த வரிசையை ஒவ்வொரு பின்னலாக மெதுவாக நெம்பி, வளையத்திலிருந்து வெளியே நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இழையைத் திருப்பிக் கொடுங்கள். அவ்வப்போது துணியைக் குறுக்குமூலையாக லேசாக இழுத்துவிடுங்கள். வளையம் தானாகச் சிறுத்துக்கொண்டே போகும். பல வளையங்கள் இதிலேயே மறைந்துவிடும்.

மிஞ்சியதை உள்ளே இழுக்க 0.75 அல்லது 1 மி.மீ. குரோஷா ஊசி போதும். ஆரி வேலை செய்பவர்கள் ஆரி ஊசியை எடுக்கலாம். ஆனால் அதன் நுனி கூர், இழையைப் பிளந்துவிடும். கவனமாக இருங்கள். எதிலும் மாட்டாத குட்டையான முனைகளுக்கு நான் நூல் கண்ணியைத்தான் நம்புவேன். மெல்லிய தையல் நூல் ஒன்றின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஊசிக் காதில் கோத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கண்ணி தொங்கும். இழை வெளியே வந்த அதே துளையில் ஊசியை நுழைத்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெளியே எடுங்கள். கண்ணி உள்ளே போகும் கடைசி நொடியில் இழுபட்ட இழையை அதற்குள் நுழைத்து இழுங்கள். இழை துணிக்கடியில் போனதும் நிறுத்தி, கண்ணியின் ஒரு காலை வெட்டி நூலை உருவிவிடுங்கள். சோபாவின் பின்பக்கம் கை போகாது என்பதால் இதற்கு வளைந்த ஊசி வேண்டும். தையல் சாமான் கடைகளில் பல அளவுகள் சேர்ந்த அட்டையாகக் கிடைக்கும். உள்ளே போன இழை மறுபடி எட்டிப் பார்க்காமல் இருக்க, அதே நிற ஒற்றை நூலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

ஒரு மூலைக்கு ஒரு மாலை முழுவதும் போகும். அவசரப்பட வேண்டாம். சேதம் குறைவான ஓரத்தில் தொடங்கி மோசமான நடுப்பகுதிக்கு வாருங்கள். நடுவுக்கு வருவதற்குள் உண்மையில் எவ்வளவு இழை போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பொதுவாகப் பயந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்து அறுந்த இடம். இதற்கு நூல் வேண்டும், நூலைக் கடையில் தேடுவதற்கு முன் சோபாவிலேயே தேடுங்கள். சோபாவைக் கவிழ்த்தால் அடியில் கறுப்பாக ஒரு மெல்லிய துணி ஸ்டேப்ளர் பின்னில் அடித்திருப்பார்கள். ஒரு பக்கப் பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால், உள்ளே மேல்துணியின் ஓரம் இரண்டு மூன்று விரலகலம் மிச்சமாக மடிந்து கிடக்கும். ஸ்டேப்ளர் பின் பிடித்திருக்கும் இடத்தைத் தொடாமல், அதன் வெளி ஓரத்திலிருந்து இழைகளை உருவுங்கள். குஷன் உறையின் ஜிப்புக்கு உள்பக்கத் தையல் ஓரத்திலும் கிடைக்கும். வெயில் படாத இழை என்பதால் நிறம் ஒரு சாயல் ஆழமாக இருக்கும். அது பெரிய குறை இல்லை.

அப்படியும் போதாவிட்டால் கடை நூல். முதலில் ஓர் இழையைச் சோபாவிலிருந்து தள்ளி, தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தியோ சணலோ லினனோ. முடி கருகிய நாற்றம் என்றால் கம்பளி. உருகி, ஆறியபின் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. சணல் மாதிரித் தெரியும் சோபாத் துணிகளில் ஏராளமானவை பாலியஸ்டர்தான். அதற்காகப் பாலியஸ்டர் நூலைத் தேடி அலைய வேண்டாம். ஆங்கர் எம்பிராய்டரி நூலில் ஒரு சிட்டத்துக்கு 6 இழைகள் இருக்கும். சாம்பலில் மூன்று, பழுப்பில் இரண்டு, வெளிர் மஞ்சளில் ஒன்று என்று பிரித்து ஒரே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். கலவை நிறத் துணியில் ஒற்றை நிற நூல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கலந்த நூல் இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

நெய்வதற்கு மொட்டை முனை ஊசியே சரி. சேதத்தின் எல்லையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நல்ல துணியில் தொடங்குங்கள். அறுந்த ஓரத்தை ஒட்டியே தொடங்கினால் அடுத்த இழுப்பில் அந்த ஓரமும் சேர்ந்து வந்துவிடும். செங்குத்து இழைகள் நின்றால் அவற்றின் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று குறுக்கே போய், திரும்பும்போது மாற்றிப் போடுங்கள். நிற்காத இடத்தில் முதலில் செங்குத்தாகப் பாவு, அதாவது நெய்வதற்கு அடிப்படையான நீள இழைகளை, போட்டுக்கொண்டு பிறகு குறுக்கே நெய்யுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியின் பக்கவாட்டால் அடித்து நெருக்குங்கள். பழைய தையல் பாடங்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் சின்ன வளையம் விடச் சொல்வார்கள்; துவைக்கும்போது புது நூல் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும் என்பது காரணம். உங்கள் கைப்பிடியை யாரும் துவைக்கப் போவதில்லை. வளையமே விடாதீர்கள், அதைத்தான் பூனை முதலில் கண்டுபிடிக்கும்.

இதே வேலையைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் செய்பவர்கள் வடக்கே ரஃபூகர்கள். உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் இதற்குப் பெயர் பெற்ற ஊர். காஷ்மீர் சால்வையில் விழுந்த ஓட்டையை அதன் பூவேலையோடு சேர்த்து மறுபடி நெய்துவிடுவார்கள். முரட்டு நெசவுச் சோபாவுக்கு அந்தக் கைத்திறன் தேவையில்லை. பருமனான இழையில் பிழையும் மறையும்.

குஷன் ஓட்டைக்கு வருவோம். ஜிப் இருப்பதால் இது கைப்பிடியைவிட எளிது. உறையைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து காடாத் துணி ஒன்றை ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிச் சிறு ஓட்டுத் தையலில் பிடித்துவிடுங்கள். மேலே நெய்வதற்கு இது தளம். இணையத்தில் விற்கும் கைக்கடக்கமான கொக்கித் தறி, மரவட்டும் மேலே வரிசையாகக் கொக்கிகளும் கொண்டது, இந்த இடத்தில் அருமையாக உதவும். வட்டைத் துணிக்கு அடியில் கொடுத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் பாவு தானாக விறைப்பாக நிற்கும். கைப்பிடிக்கு அது பயன்படாது, அடியில் வட்டை நுழைக்க வழியில்லை. பசை போட்டே ஆக வேண்டுமென்றால் துணிப் பசை போடுங்கள். சூப்பர் க்ளூ பருத்தியில் பட்டால் சூடேறும், காய்ந்தபின் கல்லாகி உட்காரும் இடத்தில் குத்தும்.

இப்போது நீங்கள் வீடியோவில் பார்த்த கம்பளி. அந்த ஊசி சாதாரண ஊசி இல்லை. காது கிடையாது, முனைப்பகுதி முக்கோண வடிவில் இருக்கும், விளிம்புகளில் கீழ்நோக்கிய சின்ன வெட்டுகள் இருக்கும். குத்தும்போது அந்த வெட்டுகள் நாரை உள்ளே இழுத்துப்போகும், வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். கம்பளி நாரின் மேல்தோல் செதில் செதிலாக இருப்பதால் உள்ளே போனது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 36, 38, 40 என்று எண் போட்டு விற்பார்கள். எண் கூடக் கூட ஊசி மெலியும். 36-இல் நாரை இறக்கி, 40-இல் மேற்பரப்பை அமுக்குங்கள். நாரைக் கொத்தாக வைக்காமல், சிலந்தி வலை அளவு மெல்லிய படலமாக, ஒன்றன்மேல் ஒன்று திசை மாற்றி வையுங்கள். ஊசி எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில்தான் வெளியே வர வேண்டும், நெம்பினால் முனை ஒடிந்து ஃபோமுக்குள் தங்கிவிடும். உட்காரும் குஷனுக்குள் ஊசி முனை கிடப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் சோபாவில் இதைக் குஷனுக்குச் செய்யலாம். கைப்பிடி மூலைக்கு வேண்டாம் என்பேன். விரலால் அழுத்திப் பாருங்கள்: மூலையில் ஃபோம் மெல்லியதாக, உடனே அடியில் பலகை தட்டுப்படும். ஒவ்வொரு குத்தும் மரத்தில் போய் முட்டும், ஊசிகள் ஒடியும், நார் இறங்க ஆழமும் இருக்காது. குஷனில் செய்யும்போது உறைக்குள் தடித்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துக் குத்தி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சொந்த ஃபோமோடு உறை சேர்ந்து தைபட்டால் பிறகு கழற்றவே முடியாது. அசல் கம்பளி நார் கிடைக்காவிட்டால் ஸ்வெட்டர் பின்னும் நூலைப் பூனைச் சீப்பால் வாரிப் பிரித்தும் பயன்படுத்தலாம். நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக், அது கம்பளி அளவுக்குப் பிடிக்காது, கூடுதலாகக் குத்த வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில பூனைகளுக்கு, குறிப்பாகச் சியாமிஸ் வகைக்கு, கம்பளியைச் சப்பும் மெல்லும் பழக்கம் உண்டு. உங்கள் பூனை போர்வையைச் சப்புகிற ரகம் என்றால் கம்பளி யோசனையையே விட்டுவிடுங்கள், நூலால் நெய்யுங்கள்.

உங்களுக்குக் குரோஷா தெரியும் என்பதால் பூப்போட்ட ஒட்டுப் போட ஆசை வரும். எனக்கும் குரோஷா பிடிக்கும், ஆனால் அது கண்ணிகளால் ஆன துணி. ஒவ்வொரு கண்ணியும் நகத்துக்கு ஒரு கைப்பிடி. நூலை வளையம் வளையமாகக் குத்தி நிறுத்தும் பஞ்ச் நீடில் வேலையும் அப்படியே. எம்பிராய்டரியில் சாட்டின் தையலில் போட்ட நீள இலை, பெரிய சங்கிலித் தையல், மணி, ஜரிகை எல்லாம் வேண்டாம். மறைக்க முடியாத ஒட்டைக் காட்டிவிடலாம் என்று நினைத்தால் ஜப்பானியர்களின் சாஷிகோ மாதிரியோ வங்காளத்து காந்தா மாதிரியோ நெருக்கமான ஓட்டுத் தையல் போடுங்கள். மேலே தெரியும் தையல் அரிசி நீளத்துக்கு மேல் போக வேண்டாம். அடியில் ஒரு கெட்டித் துணி ஒட்டு, மேலே வரிசை வரிசையாக ஓட்டுத் தையல். இது துணியை இறுக்கவும் செய்யும், நன்றாகவும் இருக்கும். இரண்டு கைப்பிடியிலும் ஒரே அளவில் போட்டுவிட்டால் வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று நினைப்பார்கள், யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

மிஞ்சிய பிசிறைத் தீக்குச்சியாலோ ஊதுபத்தியாலோ சுடும் பழக்கம் தையல்காரர்களிடம் உண்டு. கையில் பிடித்த ரிப்பனுக்கு அது சரி. பாலியூரித்தேன் ஃபோமின் மேல் போர்த்திய துணியில் ஒருபோதும் செய்யாதீர்கள், அது மளமளவென்று பற்றும், புகையும் நச்சு. பிசிறை எல்லாம் தைத்துப் பூட்டியபின் ஸ்வெட்டர் பிசிறு எடுக்கும் சின்ன ஷேவரை லேசாக ஓட்டினால் போதும்.

சோபா வேலை செய்பவர் சொன்னதற்கு வருகிறேன். மொத்தமும் மாற்றினால் அவருக்கு வேலை சுலபம், நிறம் பொருந்துமா என்ற பேச்சே இல்லை. அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சோபா சுவரை ஒட்டித்தானே இருக்கிறது? பின்பக்கத் துணி முழுதாக இருக்கும், பூனையும் அங்கே போயிருக்காது. அதைப் பிரித்து எடுத்து கைப்பிடியின் முன்பலகைக்கு அடித்துவிட்டு, பின்பக்கத்துக்குக் கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஏதாவது காடாவைப் போடச் சொல்லுங்கள். மூலையில் செங்குத்து இழையும் போய், உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஃபோம் தெரிந்தால், ஊசியோடு போராடுவதைவிட இதுதான் புத்திசாலித்தனம்.

பூனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் வீண். அது கோபத்தில் கிழிக்கவில்லை. நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும், முதுகு நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் சுரப்பிகளால் தன் வாசனையைப் பதிக்க வேண்டும். மூன்றுக்கும் உங்கள் கைப்பிடி மூலை தோதாக இருக்கிறது: ஆடாதது, உயரமானது, முரட்டு நெசவு. அதே குணங்களோடு வேறொன்றை, அந்த மூலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எங்கோ பால்கனியில் வைத்தால் சீண்டாது. முழுதாக நீட்டி நிற்க எண்பது தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம் வேண்டும், அடிப்பலகை கனமாக இருக்க வேண்டும். ஒரு மரக்கட்டையில் கற்றாழை நார்க் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ நெருக்கிச் சுற்றி ஆணி அடித்தால் போதும். தைத்த இடத்தில் சில வாரங்களுக்கு இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் போட்டு வையுங்கள், பாதத்தில் பிசுபிசுப்பு பட்டால் பூனைக்குப் பிடிக்காது. தைத்த தையலில் பசை பிடிக்கிறதா என்று மறைவான இடத்தில் முதலில் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். கைப்பிடியிலேயே கயிறு சுற்றிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். சுற்றலாம், ஆனால் அந்த நாளிலிருந்து அந்தக் கைப்பிடி பூனையுடையது. மற்றதையும் அது தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும்.

வேலை நடக்கும்போது நூல் துண்டு எதையும் தரையில் விடாதீர்கள். பூனையின் நாக்கில் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கி மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருக்குப்பை மாதிரி இழுபட்டு அறுந்தே போகலாம். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். ஊசி கோத்த நூல் இன்னும் மோசம். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ரெக்ஸின் நாற்காலி. அதற்கு ஊசி வேண்டாம். ரெக்ஸின் என்பது துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். அதில் போட்ட துளை மூடாது. வரிசையாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். கம்பளியும் அதில் இறங்காது. சாப்பாட்டு மேஜை நாற்காலி என்றால் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் நான்கு ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் இருக்கைப் பலகை தனியாக வந்துவிடும். குட்டையான, அடர்த்தியான மயிர் கொண்ட வெல்வெட் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நகம் மாட்ட இழைக்கண்ணி கிடையாது, பல பூனைகள் ஆர்வம் காட்டுவதும் இல்லை. பழைய ரெக்ஸினைப் பிரிக்காமல் அதன் மேலேயே போர்த்தி, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் முதலில் ஸ்டேப்ளர் அடித்து, அங்கிருந்து ஓரங்களுக்குப் போய், மூலைகளைக் கடைசியில் மடித்து அடியுங்கள்.